தெருமுனை வரை தள்ளிய வேன்

“முனைல எங்க வேன் வுடற புகை உங்க வூடு வரைக்கும் வருதா அனு?”

புவனா அக்கா இப்படிக் கேட்டது ஒரு தை மாதக் காலையில். அன்று அவளுக்கு வார லீவு. நான் வாசலில் உட்கார்ந்து பட்டு நூலை ராட்டையில் சுற்றிக்கொண்டிருந்தேன். பத்தாவதில் பள்ளியை விட்டதிலிருந்து எனக்கு அதுதான் வேலை. யாராவது நேருக்கு நேர் எதையாவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கியிருந்த ஒரு நூலை நகத்தால் பிரித்துக் கொடுத்தாள்.

“வந்தா என்கிட்ட சொல்லிடு. மாமா காதுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.”

மாமா என்று அவள் சொன்னது தன் மாமனார் பஞ்சாட்சரத்தை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. அவருடைய தறி ஓடும் சத்தம் எங்கள் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவருடைய ஒரே மகன் உதயகுமார் அண்ணன் தறியில் உட்காரவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் சண்டையும் இல்லை. அண்ணன் பழைய டீசல் வேன் ஒன்று வாங்கி, கூரம் கிராமத்துப் பெண்களை ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு ஏற்றிப்போய்க் கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில்தான் புவனா அக்காவும் வேலை செய்தாள். காலையில் அண்ணனோடு கூரம் போய், அங்கிருந்து ஒரகடம் போகிற வரை முன் சீட் அவளுக்கு.

வேனுக்கு எதிரி என்று யாராவது இருந்தால் அது எங்கள் தெருவின் பாவுதான். சேலைக்கு நெடுக்கில் ஓடுகிற நூல்களைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டி, கழிகளில் தாங்கவிட்டு, அரிசிக் கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைச் சேர்த்து, காயவைத்துச் சுற்றுவார்கள். விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி திட்டுத் திட்டாகக் காய்ந்து இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறும். பாவு நீட்டியிருக்கும்போது புகை விடுகிற எந்த வண்டியும் தெருவுக்குள் ஓடக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பஞ்சாட்சரம் மாமா பார்த்துக்கொண்டார். ஒருமுறை கோடி வீட்டு வசந்த் அவசரத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தபோது, மாமா சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, பாவு சுற்றி முடிந்த பிறகுதான் கொடுத்தார்.

அதனால் விடியற்காலையில் அண்ணனின் வேன் தெருவுக்குள் ஓடியதே இல்லை. பாவுக்கு வந்து நிற்கிற ஆட்களே அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள். பரமசிவம் அண்ணன் முன்னால் நின்று குரல் கொடுப்பார். அவர் எதிர் வீட்டுக்காரர், மாமாவின் கூட்டாளி. பாவு கட்டாத ஓரமாக வேன் உருண்டு தெருமுனைக்குப் போகும். அந்த வேகத்திலேயே அண்ணன் கியரைப் போட்டு கிளட்சை விடுவார். வேன் ஒரு குலுக்குக் குலுங்கி, இருமி, பிடித்துக்கொள்ளும். எல்லாரும் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டுப் பாவுக்குத் திரும்புவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஒரு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலையை எல்லாருமாகச் சேர்ந்து செய்வது மாதிரி.

வேனை வேறு எங்காவது நிறுத்தலாம்தான். பெரிய தெருவில் நிறுத்தியபோது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து வீட்டு வாசல்தான்.

மார்கழியில் பனி அதிகமானபோதுதான் கோளாறு தெரிந்தது. ஒரு தள்ளலில் பிடித்துக்கொண்ட வண்டி இரண்டு, மூன்று தள்ளல் கேட்டது. பிடித்த பிறகும் முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாகப் புகை விட்டது. புவனா அக்கா வந்து சொல்வாள்: வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறதாம். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறானாம். டீசலும் முன்னைவிட அதிகம் குடிக்கிறதாம். வேனில் வருகிறவர்களில் மூத்தவளான கூரம் அங்கம்மாள், “உதயா, நாங்க வேணா இறங்கி நடந்து போயி பாலத்து மேல நிக்கிறோம், நீ நெதானமா வந்து ஏத்திக்கோ,” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். அக்காவும் சிரித்தாளாம். ஆனால் கம்பெனி சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை லேட்டானால் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

டிரிப் போனால் அண்ணனுக்கு வேறு ஓட்டம் கிடையாது. அக்கா வேலைக்குப் போகவும் வழி கிடையாது.

அவளுடைய அந்த வார லீவு நாளில்தான் மெக்கானிக் தர்மன் வந்தார். தெருவில் பாவு சுற்றி முடித்திருந்தார்கள். அவர் இன்ஜின் மூடியைத் திறந்து வெகுநேரம் எதையும் தொடாமல் பார்த்தார். பிறகு அண்ணனைச் செல்ஃப் போடச் சொன்னார். அது கரகரவென்று சுற்றி ஓய்ந்தது. மாமாவின் மனைவி வடிவாம்பாள் அத்தை எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். மாமா கதவருகில் நின்றார். பரமசிவம் அண்ணனும் கையில் டீயோடு வந்து நின்றார்.

“தினம் தள்ளித்தான் எடுக்கிறியா?” என்று தர்மன் கேட்டார்.

“ஆமாண்ணா. தெருவுல ஓட்டக் கூடாதுல்ல.”

“ஹீட்டர் போட்டு, இன்ஜின் உள்ள சூடாகி லைட் அணையற வரைக்கும் நிக்கிறியா?”

அண்ணன் பரமசிவம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“நிக்க மாட்ட. பின்னாடி இத்தினி பேரு தள்ளிக்கினு வரச்சே எங்கே நிக்கிறது? டீசல் வண்டிப்பா இது. உள்ள சூடு இருந்தாத்தான் டீசல் எரியும். நீ ஜில்லுனு இருக்கிற இன்ஜினைப் பிடிச்சு இழுத்து உருட்டற. எரியாத டீசல் உள்ளயே வழியுது. வழிஞ்சு, அங்க இருக்கிற ஆயிலைக் கழுவிடுது. ஆயில் போனா பிஸ்டன் ரிங்கு தேயும். ரிங்கு தேஞ்சா அமுக்கம் குறையும். அமுக்கம் குறைஞ்சா இன்னும் எடுக்காது. எடுக்கலன்னு இன்னும் தள்ளுவீங்க.”

“அதான் பாலத்துல இழுக்கலியா?” என்றாள் அக்கா.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. காலைல எடுக்காதது, பாலத்துல ஏறாதது, புகை விடறது, டீசல் குடிக்கிறது, எல்லாம் ஒரே வியாதி.”

பரமசிவம் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப நாங்க தள்ளினதுதான் தப்புன்றியா?”

“தப்புன்னு இல்லண்ணா. நல்லதுக்குத்தான் தள்ளினீங்க. ஆனா தள்ளித் தள்ளியே கெடுத்துட்டீங்க.”

மாமா கேட்டார், இதற்கு என்ன வழி என்று. இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்ற வேண்டும், அதற்கு வேனைப் பல நாள் நிறுத்த வேண்டும் என்றார் தர்மன். வேனை நிறுத்தினால் டிரிப் போய்விடும். ஹீட்டர் பிளக்குகளை அன்றே மாற்றித் தந்தார். கோடை வரை ஓட்ட வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம் என்றார். காலையில் தள்ளாமல் நின்ற இடத்திலேயே ஹீட்டர் போட்டு, செல்ஃபில் எடுத்து, புகை தெளிகிற வரை ஓடவிட்டு, சூடேறிய பிறகு கிளப்ப வேண்டும்.

“தெருமுனைல நின்னு செய்யேன்,” என்றார் மாமா.

“அங்க பஸ்ஸு திரும்பற இடம் நைனா. ஒரு நிமிஷம் நிக்க வுடமாட்டான்,” என்று அண்ணன் தன் அப்பாவிடம் சொன்னார்.

தெருவில் ஓடவிடுவதைப் பற்றி அண்ணன் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலத் தள்ளினார்கள். மனசில்லாமல் தள்ளினார்கள் என்பது அவர்கள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டொரு நாள் அது எப்படியோ பிடித்துக்கொண்டது. பிறகு அந்தக் காலை வந்தது.

பனி அன்று கூரைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் பரமசிவம் அண்ணனுடைய பாவு. சென்னையில் ஒரு கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலைகள் கேட்டிருந்தார்கள். அந்த ஆர்டரில் அவருக்கு ஒரு பாவு, மாமாவுக்கு ஒரு பாவு. இரண்டும் தும்பைப் பூ நிறம். அந்த அரையிருட்டிலும் தெரு நடுவே பால் ஓடுவது போல இருந்தது. கஞ்சி தெளித்து முடித்து, இரண்டு பக்கமும் நின்று தடவிக்கொண்டிருந்தார்கள்.

வேனைத் தெருமுனை வரை தள்ளினார்கள். குலுங்கியது, பிடிக்கவில்லை. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினார்கள். பிடிக்கவில்லை. பஸ் ஒன்று திரும்புவதற்கு வந்து ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. வேனைத் திரும்பத் தெருவுக்குள் இழுத்தார்கள். அதன் பின்பக்கம் பாவைப் பார்த்து நின்றது. புவனா அக்காவின் போன் அடித்தது. கூரத்திலிருந்து அங்கம்மாள். பேசிவிட்டு அக்கா அண்ணனைப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அவர் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டார். செல்ஃபைத் திருகினார். அது சுற்றிச் சுற்றி ஓயப்போகிற நேரத்தில் இன்ஜின் பிடித்தது. பிடிக்காமலே போயிருக்கலாம் என்று அப்புறம் பலர் சொன்னார்கள். உள்ளே தேங்கியிருந்த டீசல் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கறுப்புப் புகை. அதோடு எண்ணெய்ப் பொட்டுகள். காற்று இல்லாத காலை; புகை மேலே போகாமல் பாவின் மேலேயே படுத்தது. ஈரக் கஞ்சி அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

அண்ணன் கண்ணாடியில் பார்த்திருப்பார். அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். “ஏறு,” என்றார் அவர். வேன் போய்விட்டது. அன்றைக்கு அவர்கள் லேட்டாகவில்லை.

பாவின் நடுவில் இரண்டு ஆள் கை நீட்டும் நீளத்துக்குச் சாம்பல் நிறம். பரமசிவம் அண்ணன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை மாமாவிடம் காட்டினார்.

“வசந்த் கிட்ட சாவியைப் புடுங்கினீங்க. உங்க புள்ளைகிட்ட இன்னா புடுங்கப் போறீங்கண்ணே?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். தெருவில் அத்தனை பேரும் நின்றார்கள். மாமா உள்ளே போனார். தன் தறிக்கென்று சுற்றி வைத்திருந்த வெள்ளைப் பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நேராகப் பரமசிவம் அண்ணன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு, கறை பட்ட பாவின் முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பரமசிவம் அண்ணன் மறுமுனைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகச் சுற்றினார்கள்.

அன்று பகல் எங்கள் சுவரில் தறிச் சத்தம் கேட்கவில்லை. அத்தை மொச்சைக் குழம்பு வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அவர்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

மாமா பிள்ளையைத் திட்டுவார் என்று தெரு எதிர்பார்த்தது. அவர் செய்தது வேறு. சாயங்காலம், பாவு போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். எங்களுக்குத் தறி இல்லை, பாவும் இல்லை. அப்படியும் வந்தார். அப்பாவிடம் சொன்னார்:

“நாளையிலேர்ந்து வேன் வாசல்லயே ஓடி சூடேறிட்டுப் போவட்டும். அது போன பொறவு பாவு நீட்டிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா. கோடை வரைக்கும்.”

யாரும் மறுக்கவில்லை. அவர் யாரிடமும் எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் மறுத்துப் பேச யாருக்கும் வரவில்லை.

மறுநாளிலிருந்து தெரு காத்திருந்தது. கஞ்சிப் பானைகள் மூடியோடு வரிசையாக இருந்தன. கழிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆண்கள் துண்டைப் போர்த்தி நின்றார்கள். நடுவில் வேன் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தர்மன் சொன்னது சரிதான். ஹீட்டர் போட்டு எடுத்தால் பிடித்தது. புகை கறுப்பாக வந்து, சாம்பலாகி, மெல்ல மெல்லத் தெளிந்தது. சத்தத்திலிருந்த தடதடப்பு அடங்கியது. பாலத்தில் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஏனென்றால், வேன் ஓடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் மாமா அதன் பக்கத்தில் நின்றார். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. ஒரு வார்த்தை: பொறுத்துக்கோங்க. வசந்தையும் கும்பிட்டார். வசந்த் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

வெயில் யாருக்காகவும் பொறுத்துக்கொள்ளவில்லை. பாவு தாமதமாக நீட்டியதால் பாதி வேலையிலேயே சூரியன் வந்துவிடும். கஞ்சி சட்டென்று காய்ந்து இழைகள் ஒட்டின. தடவத் தடவ அறுந்தன. அறுந்ததைச் சேர்க்க மாமாவே போய் உட்கார்ந்தார். பாவைக் கொடுத்துவிட்டதால் அவர் தறி சும்மா இருந்தது. கை சும்மா இல்லை. ஒவ்வொரு பாவிலும், யாருடையதாக இருந்தாலும், தலைக்கு மேல் வெயில் வரும் வரை குனிந்து இழை சேர்த்தார். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு நாள் ஒருவர் மட்டும், “உங்க புள்ளை வேனுக்கு நாங்க எல்லாம் கூலி இல்லாத வாட்ச்மேன்,” என்று சொல்லிவிட்டார். மாமா நிமிராமல் இழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதை யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பேச்சு எங்கள் சுவர் வழியே கேட்டது.

“நீ யாரையும் கும்பிடாத நைனா.”

“கும்பிட்டா இன்னா, கை தேஞ்சிடுமா?”

“என்னால பாக்க முடியல.”

“பாக்காத. உன் கண்ணாடியைத் திருப்பி வச்சுக்கோ.”

பிறகு அண்ணனின் குரல், இன்னும் தாழ்வாக:

“அங்கம்மா அவங்க வூட்டுக் களத்துல வேனை நிறுத்திக்க சொல்றாங்க. பக்கத்துலயே ஒரு ரூமும் இருக்குது. அங்க எவ்ளோ நேரம் ஓட்டினாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”

“வேனை அங்க நிறுத்து. நீங்க ரெண்டு பேரும் ஏன் போவணும்?” என்று அத்தை கேட்டார்.

“அந்த நேரத்துக்குக் கூரத்துக்கு பஸ் எங்கம்மா இருக்குது?”

“சைக்கிள் இருக்குது.”

அத்தைக்கும் தெரிந்துதான் இருக்கும். பஸ்ஸும் காரணம் இல்லை, சைக்கிளும் காரணம் இல்லை. இந்தத் தெருவில் அண்ணன் இருக்கிற வரை, மாமா எல்லாருடைய பாவிலும் குனிந்து உட்காருவார்.

மாமா என்ன சொல்லப்போகிறார் என்று நான் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இரு என்று ஒரு சொல் சொன்னால் அண்ணன் இருந்திருப்பார். போ என்று சொன்னாலும் அது ஒரு முடிவு. அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அமாவாசை அன்று அவர்கள் கிளம்பினார்கள். அமாவாசையில் எந்த வீட்டிலும் தறி ஓடாது, தெருவில் பாவும் இருக்காது. அக்காவும் அன்று லீவு போட்டிருந்தாள். மற்ற பெண்களுக்கு அண்ணன் அன்று தனக்குத் தெரிந்த இன்னொரு வேனைச் சொல்லியிருந்தார். ஒரு பீரோ, ஒரு கட்டில், அடுப்பு, துணி மூட்டைகள். பரமசிவம் அண்ணன் வந்து பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். வசந்த் கட்டிலைத் தூக்கினான். அத்தை வேர்க்கடலைப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். களத்தில் பாம்பு வரும், இருட்டில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புவனா அக்கா என்னிடம் வந்தாள். “கூரம் ஒண்ணும் சீமையில இல்லடி,” என்றாள். என் தலையில் கையை வைத்தாள். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல வரவில்லை. அவள் அதைத் தெரிந்துகொண்டவள் மாதிரித் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

அண்ணன் ஹீட்டரைப் போட்டு, லைட் அணைகிற வரை நின்றார். செல்ஃபைத் திருகினார். இன்ஜின் பிடித்தது. யாருக்கும் அவசரம் இல்லை. பஸ் ஹார்ன் அடிக்கவில்லை, கூரத்தில் யாரும் காத்திருக்கவில்லை, தெருவில் ஓர் இழைகூட இல்லை. புகை கறுப்பாக வந்தது, சாம்பலானது, தெளிந்தது. அதற்குப் பிறகும் அவர் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். புவனா அக்காவும் அங்கேதான் பார்த்தாள். சூடேறி முடிந்த வண்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னாங்க,” என்று மட்டும் கூப்பிட்டார்.

மாமா வெளியே வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். வேனுக்கு முன்னால் வந்து நின்றார். அண்ணன் கண்ணாடியை இறக்கினார். மாமா அவரைப் பார்க்கவில்லை. வலது கையை விரித்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல முன்பக்கத் தகட்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சூடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நைனா,” என்றார் அண்ணன்.

மாமா கையை எடுத்தார். வேனுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். பிறகு, கோயில் இருக்கிற பக்கமாகத் திரும்பி, காலியான தெருவின் நடுவில் மெதுவாக நடந்து போய்விட்டார்.